சுன்னாகத்துக்கு ஒரு பற்றரிப் பயணம்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சுன்னாகம் ஆறு மைல் தூரம். நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் போய்வருகின்ற அவ்வூருக்குச் சென்று வந்ததைப் பயணக் கட்டுரையாக எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். காசிக்கும் கைலாயத்துக்கும் போய் வந்தவர்கள் எழுதுகின்ற பக்கத்தில் சுன்னாகத்துக்கும் சிறிது இடம் இருக்கட்டுமே. இப்பயணத்தில் எனக்கு ஒரு துணைவரும் இருந்தார். பன்னிரண்டு கிலோ எடை, வாய் திறவாதவர், சைக்கிள் கரியரில் ரியூப் பட்டியாற் கட்டுண்டு, வழி நெடுக என் முதுகுக்குப் பின்னால் அசையாது அமர்ந்து வந்தார். என் மோட்டார் காரின் பற்றரியே அவர்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஓர் இரவு. சென்ற மாரியில், மணி இரண்டு இருக்கும், என் தாயாருக்கு மூச்சு முட்டியது. கொக்குவிலில் எங்கள் வீட்டுக் கொட்டகையில் சிறியதொரு யப்பானியக் கார் நிற்கின்றது. கல்லூரி நடைதூரத்தில் இருப்பதாலும் பெற்றோல் விலையை நினைப்பதாலும் ஒரு மாதமாக நான் அதைத் தொடவில்லை. அம்மாவைத் தாங்கிக் கொண்டுவந்து பின்னாசனத்தில் இருத்தினோம். திறப்பைத் திருப்பினேன். ‘டிக்’ என்று ஓர் ஓசை, அவ்வளவுதான். மீண்டும் திருப்பினேன், அந்த ஓசையும் இல்லை. “இஞ்சாருங்கோ, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கோ” என்று மனைவி கத்தினாள். அந்தத் தம்பி சேட்டும் போடாமல் ஓடிவந்து தன் முச்சக்கர வண்டியை எடுத்தான். வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அம்மா நலமாக வீடு திரும்பினார்.

வீட்டுக்கு வந்து, ஒரு வாய் கோப்பி குடித்து, கொட்டகைப் பக்கம் பார்த்து அவர் சொன்னது இவ்வளவே: “உன்ரை அப்பா இருந்திருந்தால் கார் வெளிக்கிட்டிருக்கும்.”

இருபது ஆண்டுகளாக உயர்தர வகுப்பு மாணவருக்கு ஈய அமிலக் கலத்தின் இரசாயனத் தாக்கங்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி வருபவன் நான். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பட்டினத்துக் கடையொன்றில் பற்றரியைக் காட்டியபோது, மூடியைக்கூடத் திறவாமல், “இதை எறிஞ்சுபோட்டுப் புதுசு போடுங்கோ” என்றார்கள். அம்மாதான் நினைவுபடுத்தினார்: அப்பா எந்நாளும் பற்றரியைக் கொண்டுபோவது சுன்னாகத்துக்கு, அந்த மனிதர் இன்னும் இருப்பார். எனவே ஒரு ஞாயிறு விடியற்காலை, அப்பா செய்தது போலவே, சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

காங்கேசன்துறை வீதியில் அதிகாலையிற் சைக்கிள் மிதிப்பது ஓர் இன்பம். தாவடியைக் கடக்கும்போதே மண்ணின் நிறம் சிவக்கத் தொடங்குகின்றது. இணுவிலில் எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையன் தவிற்பாடம் பழகிக் கொண்டிருந்தான். தவிலும் நாதசுரமும் அவ்வூரின் பழைய சொத்து. மருதனார்மடச் சந்தையில் வெங்காயமும் பீற்றூட்டும் வந்து குவிந்து கொண்டிருந்தன. இருபுறமும் தோட்டங்கள், கிணறுகள், நீரிறைக்கும் இயந்திரங்களின் ஓசை. ஆனால் என் மனம் தோட்டத்தில் இல்லை. கரியரின் பாரத்தில் இருந்தது. அந்தப் பாரம் எனக்குப் புதியதன்று.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டபோது எனக்குப் பத்து வயது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. ரோர்ச் லைற்றுக்குப் போடும் சிறு பற்றரி தானும் அப்பட்டியலில் இருந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் வாழ்ந்த விதத்தை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் கதை என்பர். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, திரியிட்டு, அவ்வொளியிற் படித்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி ஒருவர் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோ மின்சாரத்தில் றேடியோ பாடியது. பி.பி.சி. தமிழோசை முடியும்வரை சுழற்றுவது என் கடமை. கை ஓய்ந்தால் செய்தியும் ஓயும். பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சில துளி பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. வண்டி போய் நெடுநேரமாகியும் தெருவில் வெண்புகையும் மணமும் நின்றன.

எங்கள் அப்பாவிடம் இருந்ததும் ஒரு மொறிஸ் மைனர். அதற்கு முன்னால் இரும்புக் கைபிடியைச் செருகிச் சுழற்றிப் புறப்படவைக்கலாம். ஆதலின் பற்றரி தளர்ந்திருந்தாலும் வண்டி கைவிடாது. ஆயினும் அப்பா பற்றரியைப் பிள்ளைபோல் வளர்த்தார். டைனமோவால் அதை ஏற்றலாமா என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு என்னையே கணக்குப் பார்க்கச் சொன்னார். சைக்கிள் டைனமோ தருவது மூன்று வாற்று. பற்றரி கொள்வது ஏறத்தாழ ஐந்நூறு வாற்று மணி. ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும் இரவும் பகலுமாக ஏழு நாட்கள் மிதிக்க வேண்டும்! ஆகவே மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கி வைத்திருந்த கடைக்குப் பணம் கொடுத்து ஏற்றுவித்தோம். சுன்னாகத்துப் பெரியவரின் கடையே அது.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக எழுந்து நடந்தது. இலட்சக்கணக்கானோர் மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தனர். காரைக் கொட்டகையில் விட்டுவிட்டோம். அப்பா பற்றரியைக் கழற்றிச் சைக்கிள் கரியரிற் கட்டினார். “உடுபுடவையைக் கட்டாமல் இந்தக் கல்லைக் கட்டுறியளே” என்று அம்மா அழுதார். தென்மராட்சியில் நான்கு குடும்பங்கள் ஒதுங்கிய ஒரு வீட்டில், ஒரு சிறு குமிழ் அந்தக் கல்லால் எரிந்தது. அவ்வெளிச்சத்தில் ஒரு குழந்தையும் பிறந்தது. அடுத்த ஆண்டு சித்திரையில் நாங்கள் திரும்பியபோது காருக்குக் கதவுகள் இல்லை, சில்லுகள் இல்லை. பற்றரி மட்டும் நலமாயிருந்தது.

இந்நினைவுகளோடு சுன்னாகத்தை அடைந்தபோது ஏழு மணியாகிவிட்டது. சந்தையை அடுத்த ஒழுங்கையொன்றில், கிடுகு வேய்ந்த தாழ்வாரத்தோடு கூடிய சிறு கடை. பெயர்ப்பலகை இல்லை. எண்பதை எட்டும் பெரியவர் வாயில் மூட்டாத சுருட்டோடு வாசலில் இருந்தார். நான் அப்பாவின் பெயரைச் சொன்னதும் எழுந்தார்.

“மொறிஸ் மைனர் மாஸ்ரரின்ரை மகனோ? வாங்கோ, இருங்கோ. நீங்களும் மாஸ்ரரோ?”

“ஓம் ஐயா. இரசாயனம் படிப்பிக்கிறன்.”

“அப்ப உங்களுக்கு நான் சொல்ல ஒண்டுமில்லை” என்று அவர் முகத்தில் ஒரு சலனமுமின்றிக் கூறிப் பற்றரியை வாங்கினார். அதில் இருந்த ஏளனம் எனக்கு உரியதே.

சுருட்டை வெளித் திண்ணையில் வைத்துவிட்டே உள்ளே போனார். ஏறுகின்ற பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு எழும். ஒரு பொறி போதும், கண் போய்விடும். வாயில் வைத்த சுருட்டை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் கடையினுள் மூட்டியதே இல்லையாம்.

ஆறு மூடிகளையும் திறந்தார். தகடுகளின் மேல் விளிம்பு நீருக்கு வெளியே தெரிந்தது. “தண்ணியும் குடுக்கேல்லை” என்றார். காய்ச்சி வடித்த நீரைத் தகடு மறையுமளவுக்கு வார்த்தார். அமிலத்தோடு அது கலக்கும்வரை சற்று மின் ஏற்றிய பின் நீரமானியால் ஒவ்வோர் அறையையும் அளந்தார். எங்களைப் போன்ற வெப்ப நாட்டில் நிரம்பிய பற்றரியின் அமிலம் 1.240 அளவிற் காட்டும். என்னுடையது ஆறு அறையிலும் 1.140 காட்டியது. எனக்கு நெஞ்சு விழுந்தது. அவருக்கோ முகம் மலர்ந்தது.

“ஆறும் ஒரே அளவு, பாத்தியளோ? ஒண்டு மட்டும் கீழை நிண்டால் அந்த அறை செத்துப்போச்சு. இது சாகேல்லை மாஸ்ரர், பட்டினி. ஓடினால் தேயும், கிடந்தால் சாகும். இதுகின்ரை குணம் அது.”

பிரெஞ்சுக்காரரான பிளாந்தே 1859இல் ஈய அமிலக் கலத்தை ஆக்கிய நாள்தொட்டு அதன் குணம் அதுவே. மின் இறங்கும்போது இரு தகடுகளிலும் ஈயச் சல்பேற்று மென்மையாகப் படிகின்றது. உடனே ஏற்றினால் அது கரைந்து பழைய நிலைக்கு மீளும். வாரக் கணக்கிற் கிடக்கவிட்டால் அப்படிவு பெரும் பளிங்குகளாக இறுகும். பின்னர் எவ்வளவு மின்சாரம் கொடுத்தாலும் முற்றாகக் கரையாது. வெப்பம் பத்துப் பாகை ஏற, தானாகக் கசிந்து இறங்கும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். யாழ்ப்பாணத்துத் தகரக் கொட்டகையின் வெயிலில் நிற்கும் வண்டியின் கதி என்னவென்று சொல்ல வேண்டுமா? போதாக்குறைக்கு இக்காலத்துக் கார் உறங்கும்போதும் அரைக்கண் விழித்தே உறங்குகின்றது. கடிகாரம், களவுக்கு அஞ்சும் எச்சரிக்கைக் கருவி, கணினி ஆகியன சொட்டுச் சொட்டாக உறிஞ்சுகின்றன. முப்பது மில்லிஅம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் முப்பது நாளில் ஏறத்தாழ இருபத்திரண்டு அம்பியர் மணி. என் பற்றரி கொள்வது நாற்பது. ஒரு மாதத்தில் பாதிக்குமேல் குடித்துவிட்டது! கணக்கை அவர் முன்னிலையில் வாய்விட்டுச் சொன்னேன். “இதை முந்தியே பாத்திருக்கலாம்” என்றார்.

“மெல்ல மெல்லத்தான் ஏத்தவேணும். அவதிப்பட்டால் கொதிச்சுத் தகடு வளையும். பொழுதுபட ஒருக்கா வந்து பாருங்கோ.”

முழுப்பகலும் என் கையில் இருந்தது. வடக்கே சைக்கிளைத் திருப்பினேன்.

மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் எனக் கோயில்களால் எண்ணக்கூடிய வீதி இது. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களின் காணிகள் போர் முடிந்த 2009இன் பின்னர் பகுதி பகுதியாக விடப்பட்டன. இன்னும் விடப்படாதனவும் உள. புதுச் சுவர் எழுந்த வீட்டுக்கு அடுத்தாற்போல் கூரையற்ற வீடொன்றினுள் ஆலமரம் நிற்கும். காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கி 1990இல் ஓய்ந்த சீமெந்துத் தொழிற்சாலையின் எச்சங்கள் கடலைப் பார்த்தபடி நிற்கின்றன. 2015இல் புகையிரதம் மீண்டும் அங்குவரை வந்தது. 2023இல் நாகபட்டினத்துக்குக் கப்பலும் விட்டார்கள். கடற்காற்றில் ஒரு தேநீர் குடித்தேன்.

திரும்பும் வழியில், முட்கம்பி வேலிக்கு அப்பால், பச்சை நிற லொறிகள் வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தேன், பத்துக்கு மேல். சில்லுகளின் அடியிற் புல் வளர்ந்திருந்தது. மற்றைய நாளாயின் பார்வையைத் திருப்பிக்கொண்டு போயிருப்பேன். எங்கள் தலைமுறைக்கு அது பழக்கம். அன்று மட்டும், ‘இவற்றின் பற்றரிகள் எந்நிலையில் உள்ளனவோ’ என்ற எண்ணமே முதலில் வந்தது.

படைகளுக்கு இது சிறு சங்கடமன்று. பெரும்பாலான இராணுவ வண்டிகள் 24 வோல்றில் இயங்குவன. ஒன்றுக்கு இரண்டு பற்றரியாவது வேண்டும், ஒன்று சோர்ந்தால் மற்றதும் வீண். அதிலும் சேமப்படையின் பாடு பெரும்பாடு. அப்படையினர் ஏனைய நாட்களில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் வாழ்ந்து, குறித்த நாட்களிற் பயிற்சிக்கு வருவோர். அமெரிக்காவின் தேசியக் காவற்படையில் வழக்கமான பயிற்சி மாதத்துக்கு ஒரு வாரவிறுதி, ஆண்டுக்கு இரண்டு வாரம். இலங்கையிலும் 1881இல் அமைந்தது தொண்டர் படையே. முழுநேர இராணுவம் 1949இலேயே பிறந்தது. ஆள் ஓய்ந்திருக்கும்போது வண்டியும் ஓய்ந்திருக்கும். அழைப்பு வரும் நாளில் ஆள் எழுந்து வருவான், வண்டி எழாது. சில படைகளில் இப்பொழுது ஓய்ந்து நிற்கும் வண்டியின் மேல் சிறு சூரியத் தகட்டைப் பொருத்தி, கசிவதை மட்டும் ஈடுசெய்யும் அளவுக்கு மின்சாரம் ஊட்டுகின்றனர். மின்துடிப்புகளைச் செலுத்தி இறுகிய சல்பேற்றைக் கரைக்கும் கருவிகளும் உள்ளன; அவற்றின் பயன்பற்றி அறிஞர்கள் ஒருமுகமாக இல்லை. என் சிற்றறிவுக்கு, பளிங்கு இறுகாமற் பார்ப்பதே எளிது.

சைக்கிளை மிதிக்க மிதிக்க, எங்களிடமும் ஒரு சேமப்படை இருப்பது தோன்றியது. கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோர் ஊரில் வாங்கிப் பூட்டிவைத்த கார்கள் எத்தனை! நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஒரு மாதம் ஓடும். பின் பதினொரு மாதம் உறக்கம். 2020ஆம் ஆண்டு பங்குனியிற் கொவிட் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றபோதும், நாடு முழுவதுமே சேமப்படையாகிவிட்டது. 2020இல் நிறுத்தப்பட்ட மோட்டார் வாகன இறக்குமதி 2025 மாசியிலேதான் மீண்டும் திறந்தது. அத்தனை காலமும் இருந்ததைப் பேணியவரே வண்டியில் ஏறினர்.

பொழுது சாயச் சுன்னாகம் மீண்டேன். அமிலம் 1.180க்கு ஏறியிருந்தது. “இன்னும் ரண்டு நாள் கிடக்கட்டும்” என்றார் பெரியவர்.

கடையின் பின்புறத்தைக் காட்டினார். பழைய காலத்துப் பற்றரியின் கரிய இறப்பர்ப் பெட்டிகள் சில கிடந்தன. மேலே கீல் பூசி அடைத்த அவற்றைச் சூடுகாட்டித் திறந்து, பழுதான அறையின் தகடுகளை மட்டும் மாற்றி, ஈயத்தை உருக்கி ஒட்டுவாராம். இப்போது வருவன பிளாஸ்ரிக்கில் ஒட்டி மூடப்பட்டவை. வைத்தியனுக்கு வாசலே இல்லாத உடம்பு. தொழில் பழக வந்த பையன்மார் இருவரும் வெளிநாடு போய்விட்டனர்.

ஒரு மூலையிற் சுண்ணாம்பு மூடைகள் இருந்தன. வெற்றிலைக்கோ என்று வேடிக்கையாகக் கேட்டேன். பழைய அமிலத்தைச் சுண்ணாம்பிட்டு அடக்கி, அடியில் நிற்கும் ஈயச் சேற்றைப் பீப்பாயில் அடைத்து, பழைய ஈயம் எடுப்பவரிடம் கொடுப்பாராம். “முந்தி நானும் வேலிக்கரையிலை ஊத்தினனான்” என்றார் தலைகுனிந்து. “கீழை எல்லாம் ஒரே தண்ணி மாஸ்ரர்.”

அவர் சொன்னதைப் பாடநூலும் சொல்லும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளுள் தங்கும் மழைநீரே எங்கள் குடிநீர். ஓரிடத்தில் ஊற்றுவது வேறிடத்துக் கிணற்றில் எழும். 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்து, ஊரே குடத்தோடு தண்ணீர் வண்டிக்குக் காத்து நின்றதை யாவரும் அறிவர். ஈயம் எண்ணெய்போல் மிதந்து தன்னைக் காட்டிக் கொடுக்காது. குழந்தைகளின் மூளைக்கு நஞ்சு. வளவு மூலையில் எறிந்த பழைய பற்றரி எத்தனை வீடுகளில் மழையில் ஊறுகின்றது என்று எண்ணிப் பார்த்து நடுங்கினேன். எங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தது. மறுநாளே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அதே சுண்ணக்கல்லால் எங்கள் கிணற்று நீர் பற்றரிக்கு உதவாது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், கரையோரக் கிணற்றில் உவர்ப்பாக இருப்பதும் தகடுகளுக்குக் கேடு. தடைக்காலத்தில் வடித்த நீர் கிடையாதபோது அப்பா ஐப்பசி மழைக்கு முற்றத்தின் நடுவில் கண்ணாடிப் பாத்திரம் வைப்பார். கூரைத் தண்ணீர் ஆகாது. முதல் மழையும் ஆகாது. வானத்திலிருந்து நேரே விழுவது மட்டும். நாங்கள் பிள்ளைகள் அதற்கு ‘பற்றரி மழை’ என்று பெயரிட்டிருந்தோம்.

மூன்றாம் நாள் பற்றரியைப் பெற்றுக்கொண்டேன். 1.230. முழுமையாக மீளவில்லை, ஆயினும் இன்னும் இரண்டு மாரி தாங்கும் என்றார். கூலியாக அவர் கேட்ட தொகையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். புறப்படும்போது இவற்றைச் சொன்னார்: கிழமைக்கு ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும், நின்ற இடத்தில் இரையவிடுவது போதாது. நெடுநாள் நிறுத்துவதாயின் மறைக் கம்பியை முதலிற் கழற்ற வேண்டும். முனைகளிற் பூக்கும் வெள்ளைப் பொடியை அப்பச்சோடா கரைத்த சுடுநீராற் கழுவி, துடைத்து, வசிலீன் பூச வேண்டும். தண்ணீர் குறைந்தால் தண்ணீர் மட்டும், அமிலத்தைத் தொடக்கூடாது. நான் மாணவனைப் போல் எழுதிக்கொண்டேன்.

இப்போது ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு அம்மா முழுகி, நல்ல சேலை உடுத்து, கொட்டகை வாசலில் வந்து நிற்பார். மாவிட்டபுரம்வரை போய்த் திரும்ப ஒரு மணி நேரம். கோயிலுக்குப் போகின்றோம் என்று அயலவர்கள் எண்ணுகின்றனர். சென்ற கிழமை பெருமழை, போகவேண்டாமே என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் குடையை விரித்துக்கொண்டு காரடிக்கு நடந்தார். நான் திறப்பைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.